வரிசையும் வர்க்கமும்: எரிபொருள் நெருக்கடியிற் 'பதுக்கல்' என்னும் சொல் பற்றிய சில குறிப்புகள்

2022 ஆம் ஆண்டில் இலங்கையில் ஏற்பட்ட எரிபொருள் நெருக்கடி, பெரும்பாலும் அந்நியச் செலாவணி, வெளிநாட்டுக் கடன், நிருவாகச் சீர்கேடு ஆகியவற்றின் அடிப்படையிலேயே ஆராயப்பட்டு வந்துள்ளது. அவ்வாய்வுகள் இன்றியமையாதனவே. ஆயினும், நாள்தோறும் தெருவில் நின்று அந்நெருக்கடியை அனுபவித்த வாகன சாரதியின் நிலையிலிருந்து நோக்கும்போது வேறொரு பிரச்சினை முன்னிற்பதைக் காணலாம். பெற்றோல் கிடைக்காமைக்குக் காரணம் யாது என்னும் வினாவுக்கு அக்காலத்தில் அடிக்கடி கூறப்பட்ட விடைகளுள் ஒன்று, மக்கள் பீதியடைந்து தேவைக்கு மேல் வாங்கிப் பதுக்கினர் என்பதாகும். இக்கூற்றில் உண்மை சிறிதும் இல்லையெனல் பொருந்தாது. மக்கள் வாங்கிச் சேமித்தனர் என்பது மெய்யே. ஆனால், யார் சேமித்தனர், எவ்வளவு சேமித்தனர், எதற்காகச் சேமித்தனர் என்னும் வினாக்களை எழுப்பாமலே 'பதுக்கல்' என்ற ஒரே சொல்லால் யாவரையும் குறிப்பிடுவது, விளைவைக் காரணமாகவும், பாதிக்கப்பட்டோரைக் குற்றவாளிகளாகவும் காட்டும் தலைகீழ் விளக்கமாக முடிகின்றது.

சொற்களின் சமூகப் பயன்பாட்டை ஆராய்தல் இலக்கிய மாணவரின் கடமைகளுள் ஒன்று. அவ்வகையில், எரிபொருள் தட்டுப்பாடும் பீதிக் கொள்வனவும் சாதாரண வாகனமோட்டிகளை எவ்வாறு பாதித்தன என்பதைக் கொழும்பு கிராண்ட்பாஸ் பகுதியை மையமாகக் கொண்டு நோக்குவதும், 'பதுக்கல்' என்னும் சொல் அந்த அனுபவத்தை எவ்வாறு மறைத்தது என்பதை எடுத்துக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

களம்

களனி ஆற்றின் தென்புறத்தே, கொழும்பு 14 என்னும் அஞ்சற் பிரிவுள் அடங்குவது கிராண்ட்பாஸ். ஆற்றைக் கடக்கும் பெருந்துறையைக் குறித்த ஐரோப்பியர் காலத்துச் சொல்லே இப்பெயராயிற்று. அண்மையிலுள்ள தொட்டலங்க என்னும் சிங்கள இடப்பெயரும் துறைக்கு அருகாமை என்ற பொருளையே தருவது. 1822 இல் ஓடங்களைப் பிணைத்து இங்கு ஒரு மிதவைப் பாலம் அமைக்கப்பட்டது. 1895 இல் விக்டோரியா பாலம் அதன் இடத்தைப் பெற்றது. கண்டிக்கும் கொழும்புத் துறைமுகத்துக்கும் இடையே பண்டங்கள் சென்று வந்த வழியில் அமைந்தமையால், போக்குவரத்து உழைப்பே இப்பகுதியின் வரலாற்றை உருவாக்கிற்று எனலாம். மாட்டுவண்டி, கைவண்டி, லொறி, முச்சக்கரவண்டி என வாகனங்கள் மாறியபோதும், பிறர் பொருளையும் பிறரையும் ஏற்றி இறக்கிப் பிழைக்கும் மக்கள் இங்கு தொடர்ந்து வாழ்ந்து வந்துள்ளனர்.

புறக்கோட்டைக் கடைகளிற் சுமை தூக்கும் நாட்டாமைகள், துறைமுகத் தொழிலாளர், சில்லறை வியாபாரிகள், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் ஆகியோர் 'தோட்டம்' எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் இங்கு வாழ்கின்றனர். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் ஆகிய மூவினத்தாரும் ஒரே ஒழுங்கையைப் பகிர்ந்துகொள்வது சாதாரணம். 1930 இல் தோன்றிய 'வீரகேசரி' நாளிதழின் காரியாலயம் நெடுங்காலமாகக் கிராண்ட்பாஸ் வீதியில் இயங்கி வந்தமையைத் தமிழ் வாசகர் நன்கறிவர்.

இத்தகைய பகுதியில் வாகனம் என்பது எதனைக் குறிக்கின்றது என்பது தெளிவுபடுத்தப்பட வேண்டும். புள்ளிவிவரங்களில் மோட்டார்க் கார் உரிமையாளரும் முச்சக்கரவண்டிச் சாரதியும் 'வாகனப் பாவனையாளர்' என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடங்குவர். ஆனால், மாதச் சம்பளம் பெறும் ஒருவர் காரியாலயத்துக்குச் செல்லப் பயன்படுத்தும் காருக்குப் பெற்றோல் கிடைக்காவிடின் அவருடைய பயணமே தடைப்படும்; சம்பளம் உடனடியாகத் தடைப்படுவதில்லை. தவணைப் பணம் செலுத்தும் நிபந்தனையில் வாங்கிய முச்சக்கரவண்டியையோ, உரிமையாளருக்கு நாள் வாடகை கொடுத்துப் பெற்ற வண்டியையோ ஓட்டுபவருக்குப் பெற்றோல் கிடைக்காவிடின், அன்றைய வருமானம் இல்லாது போகும். தவணையும் வாடகையும் நில்லா. முன்னவருக்கு எரிபொருள் நுகர்பொருள். பின்னவருக்கு அது உழைப்புச் சாதனத்தின் பகுதி. இவ்வேறுபாட்டை மனங்கொண்டே மேற்செல்லல் வேண்டும்.

நெருக்கடியின் படிமுறை

நிகழ்ச்சிகளைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 2021 நவம்பரில் மசகெண்ணெய் இன்மையாற் சப்புகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டது. 1969 இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையம் நாட்டின் ஒரேயொரு சுத்திகரிப்பு நிலையமாகும். 2022 பெப்ரவரியில் எரிபொருள் இறக்குமதிக்கென இந்தியாவிடமிருந்து 500 மில்லியன் டொலர் கடன் வசதி பெறப்பட்டது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ரூபாவின் பெறுமதி சந்தையின் போக்குக்கு விடப்பட்டதும் அது வேகமாகச் சரிந்தது. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவது இடைநிறுத்தப்படுவதாக அரசு அறிவித்தது. மே மாதத் தொடக்கத்தில், உடனடியாகப் பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலரிலும் குறைவு என நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் தெரிவித்தார். மார்ச் 28 முதல் பெற்றோல் ஏற்றிய கப்பலொன்று இலங்கைக் கடற்பரப்பில் நங்கூரமிட்டு நிற்பதாகவும், அதற்குச் செலுத்த டொலர் இல்லையெனவும் மே மாத நடுப்பகுதியில் எரிசக்தி அமைச்சர் கூறினார்.

விலைகளை நோக்குவோம். 2021 டிசம்பர் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. 2022 மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதத்தில் 420, ஜூன் 26 இல் 470 ரூபா. ஆறு மாதங்களில் விலை இரண்டரை மடங்குக்கு மேலாகியது. அவ்விலையைக் கொடுக்க முன்வந்தோருக்கும் பெற்றோல் கிடைக்கவில்லை. மார்ச் மாதத்தில், வரிசையிற் காத்து நின்ற எழுபது வயது மதிக்கத்தக்க முதியோர் இருவர் உயிரிழந்தனர். அதன்பின் எரிபொருள் நிரப்பு நிலையங்களிற் படையினர் நிறுத்தப்பட்டனர். ஏப்ரல் 15 இல் மோட்டார் சைக்கிளுக்கு 1,000 ரூபாவுக்கும், முச்சக்கரவண்டிக்கு 1,500 ரூபாவுக்கும், கார், வான் முதலியவற்றுக்கு 5,000 ரூபாவுக்கும் மாத்திரமே எரிபொருள் வழங்கப்படும் என்ற கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. ஏப்ரல் 19 இல் ரம்புக்கனையில், எரிபொருள் கோரி ஆர்ப்பாட்டம் செய்தோர்மீது பொலிசார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என அறிவிக்கப்பட்டது. ஜூலையில் அறிமுகமான கியூ.ஆர். முறையிலான தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் ஆகஸ்ட் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்து, 2023 செப்டெம்பர் 1 இல் நீக்கப்பட்டது.

மக்களின் பதற்றம் கப்பலைக் கடலில் நிறுத்தவில்லை; டொலர் இன்மையே நிறுத்தியது. கிராண்ட்பாசிலிருந்து கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத் தொகுதி சில கிலோமீற்றர் தூரத்திலேயே உள்ளது. அத்துணை அண்மையில் வாழ்ந்தோரும் இரவு பகலாக வரிசையில் நிற்க நேர்ந்தது.

தாங்கியின் கணக்கு

இனிப் பீதிக் கொள்வனவு என்பது எவ்வாறு இயங்குகின்றது என்பதை ஆராய்வோம். எளிய உதாரணம் ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளலாம். ஒரு பகுதியில் 1,000 முச்சக்கரவண்டிகள் உள்ளன. ஒவ்வொன்றின் தாங்கியும் 8 லீற்றர் கொள்ளும். ஒவ்வொரு வண்டியும் நாளொன்றுக்கு 4 லீற்றரைச் செலவிடும் என்க. சாதாரண காலத்தில் எந்த நேரத்திலும் சில தாங்கிகள் நிறைந்தும் சில வெறுமையாகியும் இருக்குமாதலாற் சராசரியாகப் பாதியளவே பெற்றோல் இருக்கும். நாளாந்த விற்பனை 4,000 லீற்றர். ஒருநாள், நாளை பெற்றோல் வராது என்ற செய்தி பரவுகின்றது. எல்லோரும் தாங்கியை முழுமையாக நிரப்ப முயல்கின்றனர். அன்றைய கேள்வி 8,000 லீற்றராகின்றது. யாரும் வழமைக்கு மேலாக ஒரு துளியேனும் எரிக்கவில்லை. எனினும் நிலையம் நண்பகலிலேயே வெறுமையாகி விடுகின்றது. வெறுமையான நிலையத்தைக் கண்டோர் செய்தி உண்மையென நம்புகின்றனர்.

பீதிக் கொள்வனவு பற்றி வழக்கமாகக் கூறப்படுவது இவ்வளவே. ஆனால் இக்கணக்கை இரண்டாம் நாளுக்கும் நீட்டிப் பார்த்தல் வேண்டும். தாங்கிகள் நிறைந்துவிட்டன. விநியோகம் தொடர்ந்து நடைபெறுமாயின் அன்றைய கேள்வி மீண்டும் 4,000 லீற்றராகவே இருக்கும். அதாவது, பீதிக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை தாங்கியின் கொள்ளளவே. கான்களிலும் போத்தல்களிலும் சேமிப்போர் அவ்வெல்லையைச் சற்று நீட்டலாம். ஆனால் ஒற்றை அறையிற் சமைத்து உறங்கும் தோட்டக் குடும்பம் எத்தனை கான் பெற்றோலை வைத்திருக்க முடியும்? ஆகவே, பீதிக் கொள்வனவு சில நாட்களுக்கு நீடிக்கும் வரிசையை விளக்கும். பல மாதங்கள் நீடிக்கும் வரிசையை விளக்கமாட்டாது.

அனுபவமும் இதனை உறுதிசெய்கின்றது. 2017 நவம்பர் தொடக்கத்தில், தரமற்றதெனக் கருதப்பட்ட பெற்றோற் கப்பலொன்று நிராகரிக்கப்பட்டு, மற்றொரு கப்பலும் தாமதமானபோது இலங்கையில் நீண்ட வரிசைகள் தோன்றின. கப்பல் வந்ததும் மறைந்தன. 2021 செப்டெம்பரிற் பிரித்தானியாவில் எண்ணெய் இருந்தது. அதனை ஏற்றிச் செல்லப் போதிய லொறிச் சாரதிகள் இருக்கவில்லை. இராணுவத்தினரை விநியோகத்தில் ஈடுபடுத்தும் அளவுக்கு நிலைமை முற்றியபோதும் சில வாரங்களில் அது தணிந்தது. 2025 மார்ச் மாதத் தொடக்கத்தில், விநியோகத்தர்களின் தரகுக் கழிவு தொடர்பான பிணக்கின் விளைவாக அவர்கள் புதிய கட்டளைகளை வழங்கமாட்டார்கள் என்ற அறிவித்தல் வெளியானதும் இலங்கையின் பல பகுதிகளில் மீண்டும் வரிசைகள் காணப்பட்டன, போதிய கையிருப்பு உள்ளதெனக் கூட்டுத்தாபனம் அறிவித்தது, அவ்வரிசைகளும் நீடிக்கவில்லை. இவை மூன்றும் பீதிக் கொள்வனவுக்கு உரிய உதாரணங்கள். 2022 மார்ச் முதல் ஜூலை வரை நீடித்தது இவற்றினின்றும் பண்பால் வேறுபட்டது. அதற்கும் இதே பெயரைச் சூட்டுவது அறிவியல் நோக்கிற்கு ஒவ்வாதது.

2025 இல் எழுந்த பதற்றத்தைக்கூட வெறும் மனோநிலையாகக் கொள்ளலாகாது. கையிருப்பு உண்டு என்னும் உறுதிமொழியை 2022 இலும் கேட்ட மக்களுக்கு, அவ்வுறுதிமொழியின் பெறுமதி அனுபவத்தால் தெரிந்திருந்தது. அவர்களை வரிசைக்கு இட்டுச் சென்றது அறியாமையன்று, நினைவு. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உணவுக் கலகங்களைப் பற்றி ஈ. பி. தொம்சன் 1971 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, மக்கட் கூட்டத்தின் செயல்களைப் பசியின் வெறும் வலிப்பாகக் காணும் மரபை மறுத்து, அச்செயல்களுக்குள் நியாயம் பற்றிய கருத்துகள் பொதிந்துள்ளன என எடுத்துக் காட்டியது. நமது நிரப்பு நிலையங்களில் நின்ற கூட்டத்தை ஆராயவும் அந்நோக்கு பயன்படும்.

'பதுக்கல்' என்னும் சொல்

தமிழிற் 'பதுக்கல்' என்பது பண்டத்தை மறைத்து வைத்தலைக் குறிக்கும். உலகப் போர்க் காலத்துப் பங்கீட்டு அனுபவத்திலும், எழுபதுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலும் இச்சொல் திட்டவட்டமான அரசியற் பொருளைப் பெற்றிருந்தது. அரிசி மூடைகளைக் களஞ்சியத்தில் அடைத்து வைத்து விலை ஏறும்வரை காத்திருக்கும் வியாபாரியே பதுக்கல்காரர். கள்ளச் சந்தை என்னும் சொல்லோடு இணைந்தே அது வழங்கிற்று. அவ்வியாபாரிக்கு அரிசியை உண்ணும் நோக்கம் இல்லை. அதன் பரிவர்த்தனைப் பெறுமதியே அவருக்கு வேண்டியது.

2022 இல் அதே சொல், ஐந்து லீற்றர்க் கானுடன் நின்ற மனிதரைச் சென்றடைந்தது. கான்களில் எரிபொருள் வழங்குவது தடைசெய்யப்பட்டது. அக்கானில் இருந்தது நாளைய உழைப்புக்கு வேண்டிய பயன்பாட்டுப் பெறுமதி. விற்பதற்காகப் பண்டத்தை ஒளிப்பவரையும், உழைப்பதற்காக அதனைக் காப்பவரையும் ஒரே சொல்லாற் சுட்டும்போது அவர்களுக்கிடையிலான வர்க்க வேறுபாடு மொழியிலிருந்தே மறைந்து விடுகின்றது.

வட பகுதித் தமிழ் மக்களுக்கு இது புதிதன்று. தொண்ணூறுகளின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையின்கீழ் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல், மின்கலம் முதலியன செல்லவிடாது தடுக்கப்பட்டபோது, சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்துப் பின்னர் மண்ணெண்ணெயால் வாகனங்களை ஓட்டினர். ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கெரித்தனர். அங்கு ஒரு போத்தல் பெற்றோலை வைத்திருப்பதே சந்தேகத்துக்குரிய செயலாயிற்று. இரு நிலைமைகளும் ஒன்றென நாம் கூறவில்லை; முன்னையது போரின் ஆயுதமாகத் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட தட்டுப்பாடு. ஆயினும், தட்டுப்பாட்டை உருவாக்கிய அதிகாரம், அதனைச் சமாளிக்க முயல்பவரின் செயலையே குற்றமாகக் காணும் போக்கு இரண்டுக்கும் பொதுவானது.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழலாம். முச்சக்கரவண்டிச் சாரதிகள் சிலரும் வரிசையில் நின்று பெற்ற பெற்றோலைத் தாங்கியிலிருந்து வடித்து, அதிக விலைக்கு விற்றனரே. அவர்களும் பதுக்கல்காரர் அல்லரோ? இவ்வாட்சேபத்தைத் தட்டிக் கழித்தல் நேர்மையாகாது. கள்ளச் சந்தையில் ஒரு லீற்றர் ஆயிரம் ரூபாவுக்கும் மேலாக விலைபோன நாட்களில், ஐந்து லீற்றரை எரித்து வாடகைக்கு ஓடிப் பெறும் வருமானத்திலும், அந்த ஐந்து லீற்றரை அப்படியே விற்றுப் பெறும் வருமானம் கூடுதலாயிற்று. சாரதியின் உழைப்பிலும் அவருடைய தாங்கியிலிருந்த திரவம் பெறுமதி மிக்கதாயிற்று. உழைப்புச் சாதனமாகிய வாகனம் பண்டத்தைச் சுமக்கும் வெறும் பாத்திரமாக மாறிற்று. இம்மாற்றத்தைத் தனிமனித ஒழுக்கக் குறைபாடாக மாத்திரம் காண்பது போதாது. பண்ட உறவுகள் உழைப்பாளியையே சிறு வணிகராக மாற்றும் முறைமையின் வெளிப்பாடு அது. அதே வேளை, வரிசையின் கடைசியில் நின்ற மற்றொரு சாரதி அதன் விளைவை அனுபவித்தார் என்பதும் மறுக்கவியலாதது. ஏழையின் செயல் என்பதனாலேயே ஒரு செயல் ஏழைக்குத் தீங்கற்றதாகி விடாது.

விலை, நேரம், பங்கீடு

அருமையாகிவிட்ட ஒரு பண்டத்தை மக்களிடையே பிரித்து வழங்க மூன்று வழிகள் உள்ளன. பணம் உள்ளவர் பெறலாம்; காத்திருப்பவர் பெறலாம்; உரிமை வழங்கப்பட்டவர் பெறலாம். 2022 இல் இலங்கை மக்கள் இம்மூன்றையும் அடுத்தடுத்தும் ஒருங்கேயும் அனுபவித்தனர்.

விலையால் பிரிப்பது வசதியுள்ளோர்க்குச் சாதகமானதென்பது வெளிப்படை. வரிசையோ சமத்துவமானது போலத் தோற்றமளிக்கும். செல்வரும் வறியரும் ஒருவர்பின் ஒருவராக நிற்கின்றனரன்றோ? ஆனால் வரிசையும் விலை கேட்கின்றது. அது நேரத்தில் அறவிடப்படும் விலை. நாளொன்றுக்குச் செலவு போக 3,000 ரூபா உழைக்கும் ஒருவர், இரு நாட்கள் வரிசையில் நின்று, லீற்றர் 470 ரூபாவாக ஐந்து லீற்றர் பெறுகிறாரென்று கொள்வோம். பெற்றோலுக்கு 2,350 ரூபா. இழந்த உழைப்பு 6,000 ரூபா. அவர் பெற்ற ஐந்து லீற்றரின் உண்மை விலை 8,350 ரூபா. அதாவது லீற்றர் 1,670 ரூபா. கள்ளச் சந்தை விலை ஆகாயத்திலிருந்து குதித்ததன்று. வரிசையில் அழிந்த உழைப்பு நேரத்தின் பண வடிவமே அது என்பதை இக்கணக்கு புலப்படுத்தும். மாதச் சம்பளம் பெறுபவர் விடுமுறை எடுத்து நின்றாலும் அவருடைய சம்பளம் பெரும்பாலும் கிடைக்கும். வசதி படைத்தோர் சாரதியை நிறுத்தினர். கூலி கொடுத்து ஆள் நிறுத்தியோரும் இருந்தனர். ஆகவே, ஒரே வரிசையில் நின்றவர்கள் ஒரே விலையைச் செலுத்தவில்லை.

மூன்றாவதாகிய பங்கீடு கியூ.ஆர். முறையில் வந்தது. அது வரிசைகளைப் பெருமளவு குறைத்தது என்பதையும், காத்திருந்து இறந்தவர்களின் செய்திகளுக்குப் பின்னர் அது பேருதவியாக இருந்தது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பீதியைத் தணித்தது அறிவுரையன்று, நிச்சயத்தன்மையே என்பதும் இதனால் நிரூபணமாயிற்று: நாளைய பங்கு உறுதியானதும் இன்று முண்டியடிக்க வேண்டிய தேவை குறைந்தது. ஆயினும், ஆரம்பத்தில் வாரமொன்றுக்குக் காருக்கு 20 லீற்றரும், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றரும் வழங்கப்பட்டன. லீற்றருக்கு 25 கிலோமீற்றர் எனக் கொண்டால் முச்சக்கரவண்டி வாரத்தில் 125 கிலோமீற்றர் ஓடலாம். வாடகைக்கு ஓடுபவருக்கு அது ஓரிரு நாளைய ஓட்டம். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார் 240 கிலோமீற்றர் செல்லலாம். பங்கீட்டின் அளவுகோல் வாகனத்தின் வகையாக இருந்ததேயன்றி, அதனை நம்பி வாழும் வாழ்வாக இருக்கவில்லை. பிற்பாடு, வாடகை முச்சக்கரவண்டிகள் தனியாக இனங்காணப்பட்டு அவற்றுக்குரிய அளவு படிப்படியாக உயர்த்தப்பட்டமை, முதலில் விடப்பட்ட பிழையை ஏற்றுக்கொண்டமைக்குச் சான்றாகும். மேலும், பங்கு வாகனத்துக்கே உரியதாதலால், பிறர் வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டியவர் உரிமையாளரின் தயவை மேலும் சார்ந்திருக்க நேர்ந்தது.

வாகனமே இல்லாதோர் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். சமையல் எரிவாயு கிடைக்காத நாட்களிற் கிராண்ட்பாஸ் பெண்கள் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றனர். முகத்துவாரப் பகுதி மீனவரின் படகு இயந்திரங்களும் மண்ணெண்ணெயையே வேண்டி நின்றன. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. வாகன வரிசை பத்திரிகைகளில் இடம்பெற்ற அளவுக்கு இவ்வரிசை இடம்பெறவில்லை.

வரிசையும் கூட்டும்

வரிசை என்னும் சமூக அமைப்பைத் தத்துவ நோக்கில் ஆராய்ந்தவர்களுள் ஜோன் போல் சார்த்தர் குறிப்பிடத்தக்கவர். 1960 இல் வெளியான 'இயங்கியல் அறிவின் விமர்சனம்' என்னும் நூலில், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பாரிஸ் நகரத்து மக்களை அவர் உதாரணமாகக் கொள்கின்றார். அவர்கள் ஓரிடத்தில் ஒரே நோக்குடன் நிற்பினும் ஒரு குழுவாக இல்லை. ஒவ்வொருவரும் மற்றவருக்கு வெறும் எண். ஆசனங்கள் போதாமையால் ஒவ்வொருவரும் மற்றவருக்கு மிகையான ஆள். இதனை அவர் தொடர்நிலை என்பார். அதே நூலில், ஒவ்வொரு விவசாயியும் தன் நிலத்தைப் பெருக்க மரங்களை வெட்ட, ஈற்றில் யாவருடைய நிலமும் வெள்ளத்தில் அழியும் சீன உதாரணத்தையும் அவர் தருகின்றார். தனித்தனியே நியாயமான செயல்கள் ஒன்றுசேர்ந்து யாரும் விரும்பாத விளைவைத் தருகின்றன. பீதிக் கொள்வனவின் சாரமும் இதுவே. அது அறிவின்மையின் விளைவன்று. கூட்டாகத் திட்டமிடும் வழி அடைக்கப்பட்ட மக்களின் தனித்தனி அறிவுகள் ஒன்றோடொன்று மோதுவதன் விளைவு.

கிராண்ட்பாஸ் மூவின மக்களின் வாழிடம் என்றோம். 2013 ஆகஸ்டில் இதே பகுதியிற் பள்ளிவாசலொன்று தாக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகளின் பின்னர், ஒரே 'போலிம'யில், ஒரே 'கியூ'வில், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் நீரையும் உணவையும் பகிர்ந்து, ஒருவர் வண்டியை மற்றவர் காவல் காத்து நின்றனர். இதனை வைத்து இன ஒற்றுமை மலர்ந்துவிட்டதெனக் கொண்டாடுவது அவசர முடிவாகும். தாங்கி நிறைந்ததும் வரிசை கலைந்துவிடும். ஆயினும், டோக்கன் வழங்கும் ஒழுங்கைத் தாமே ஏற்படுத்தியோர், நோயாளியை ஏற்றிய வண்டிக்கு வழிவிட்டோர், கையிருப்பின் அளவைக் கேட்டு நிலையத்தின் முன் ஒன்றுகூடி நின்றோர் ஆகியோரிடத்துத் தொடர்நிலை கூட்டாக மாறும் முதற்படி தென்பட்டது. 2022 ஜூலை 9 இல், வாகனங்கள் ஓடாத ஒரு நாட்டில், புகையிரதத்திலும் லொறியிலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் கொழும்பை வந்தடைந்த மக்கள், ஒரு ஜனாதிபதியைப் பதவியிலிருந்து அகற்றினர். வரிசைகளிற் கழிந்த மாதங்களைத் தவிர்த்து அந்நாளை விளங்கிக்கொள்ளல் இயலாது.

முடிவாக

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. பீதிக் கொள்வனவு என்பது மெய்யான நிகழ்ச்சி. ஆனால் அதற்குத் தாங்கியளவான எல்லை உண்டு. மாதக்கணக்கில் நீடிக்கும் தட்டுப்பாட்டின் காரணங்களை நிரப்பு நிலையத்தில் அன்றி, இறக்குமதியும் கடனும் தீர்மானிக்கப்படும் இடங்களிலேயே தேடல் வேண்டும். 1961 இல் அமைக்கப்பட்ட பெற்றோலியக் கூட்டுத்தாபனமும், 1962 இல் அந்நிய எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகள் பொறுப்பேற்கப்பட்டமையும், அதற்குப் பதிலடியாக 1963 இல் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டமையும் எண்ணெய் எத்துணை அரசியற் பொருள் என்பதை இந்நாட்டுக்கு அன்றே உணர்த்தின. விநியோகத்தைத் தேசியமயமாக்கியபோதும், எண்ணெயை வாங்குவதற்கான டொலரைக் கடனிலேயே தேடும் பொருளாதாரம் மாறாதிருந்தமையே 2022 இன் பின்னணி.

நடைமுறையிற் செய்யத்தக்கன இரண்டு. நாட்டின் எரிபொருட் கையிருப்பு நாள்தோறும், மூன்று மொழிகளிலும், யாவரும் சரிபார்க்கக்கூடிய வகையில் வெளியிடப்படல் வேண்டும். மறைக்கப்பட்ட கையிருப்பே வதந்தியின் விளைநிலம். அடுத்த நெருக்கடியிற் பங்கீடு அவசியமாயின், அது முதல் நாளிலிருந்தே உழைப்புக்கு முன்னுரிமை தருவதாக அமைதல் வேண்டும். பிற்காலத் திருத்தமாக வருமாயின், இடைப்பட்ட வாரங்களின் இழப்பை உழைப்பாளியே சுமப்பார்.

தமிழ் ஆய்வாளருக்கும் ஒரு பணி உண்டு. 2022 இன் வரிசைகளில் மூன்று மொழிகளும் கலந்து ஒரு புதிய சொல்வழக்கு உருவாயிற்று. கதைகளும் பகிடிகளும் வசைகளும் பிறந்தன. கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை போன்ற இடங்களில் அவற்றை நினைவில் வைத்திருப்போர் இன்றும் நம்மிடையே உள்ளனர். ஆவணங்கள் 'பதுக்கல்' என்று எழுதிவைத்ததை அம்மக்கள் எச்சொல்லாற் கூறினர் என்பதைத் தொகுத்து ஆராய்தல் உடனடித் தேவையாகும். அத்தொகுப்பு இல்லாவிடின், வரிசையில் நின்றவர்களின் வரலாறு அவர்களைக் குற்றஞ்சாட்டியவர்களின் மொழியிலேயே எஞ்சும்.